சலங்கை இல்லாமல்

"சலங்கையக் கழட்டிட்டு ஆடும்மா."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

நடனக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு. நடுவர்கள் மூன்று பேர். தாளம் தட்டும் தட்டுக்கழி வைத்திருந்த அம்மாள்தான் சொன்னார். மற்ற இருவரும் எழுதுவதிலிருந்து தலை நிமிரவில்லை. அவர்களுக்குப் பின்னால் நடராஜர். பாதத்தில் ஒரே ஒரு செம்பருத்தி.

வலது கால் சலங்கை உடனே வந்துவிட்டது. இடது காலின் முடிச்சு அவிழ மறுத்தது.

மாசியிலிருந்தே இடது முழங்கால் சத்தம் போடுகிறது. காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி.

ஒரு வருஷம் ஆடக் கூடாது என்றார் டாக்டர். தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டாள். வீட்டில் சொல்லவில்லை. ஆடும்போது சலங்கை அந்தச் சத்தத்தை மூடிவிடும். ஆடாதபோது, அப்பா இருந்தால், மாடிப்படி ஏற மாட்டாள்.

முடிச்சு அவிழ்ந்தது.

குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மிதிக்கப் போவதற்காகப் பூமியிடம் கேட்கும் மன்னிப்பு.

முழங்காலிடம் யாரும் கேட்பதில்லை.

கழி விழுந்தது. ஆடினாள்.

அரைமண்டியில் ஒன்றுமில்லை. கைகள் சுத்தமாக இருந்தன. கண்கள் சிரித்தன.

முழுமண்டி. குதிகாலின் மேல் முழு உடம்பும் இறங்க வேண்டும்.

இறங்கினாள்.

சத்தம் கூடத்தின் மறு சுவரில் பட்டுத் திரும்பி வந்தது போலிருந்தது.

எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அம்மாளின் கழி மட்டும் காற்றில் நின்றது. பிறகு விழுந்தது. முன்னைவிட மெதுவாக.

ஆடி முடித்ததும் அம்மாள் கேட்டார். "வேற எங்கயாச்சும் சேந்திருக்கியா கண்ணு?"

எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. இல்லை என்று சொல்கிறவளுக்குத்தான் இந்தக் கலையில் முழு மனசு என்று வெளியே வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியில் இயற்பியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. இன்று மாலைக்குள் சேர வேண்டும். அப்பா விடிந்ததுமே அந்தக் கல்லூரி வாசலுக்குப் போய்விட்டார். அவள்தான் காலையிலேயே போன் செய்து, சேர வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்றாள்.

நடராஜர் முன்னால் பொய் சொல்ல அவளுக்கு வராது. அதனால் அந்த ‘இல்லை’யை உண்மையாக்கியிருந்தாள்.

"இல்ல மேடம். இது ஒண்ணுதான்."

அம்மாளுக்கு முகம் மலரவில்லை.

அவள் சலங்கையை எடுக்கக் குனிந்தாள். அதற்குள் அம்மாள் எழுந்து வந்துவிட்டார். அவரே எடுத்துக் கொடுத்தார். வாசற்படி வரை கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மற்றப் பெண்கள் தனியாகத்தான் வெளியே வந்திருந்தார்கள்.

படியருகே கையை விடும்போது, யாருக்கும் கேட்காமல், "வீட்ல பேசும்மா" என்றார்.

உள்ளே அடுத்தவளுக்குக் கழி விழத் தொடங்கியது. அவளையும் சலங்கையைக் கழற்றச் சொன்னார்களா? காது கொடுத்தாள்.

சலங்கைதான் கேட்டது.

தூணைப் பிடித்தபடி போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அப்பா, வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"எங்கம்மா! காலேஜுக்கு எதுத்தாப்லதான் நிக்கேன். ஒரு பஸ்ஸும் வரல."

காலையிலிருந்தா?

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். போனுக்குள் ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவர்கள் ஊர்ப்பெயரைக் கூவினார். விசில் கேட்டது. பஸ் போனது.

அடுத்த பஸ்ஸும் வந்தது.

"அப்பா."

"சொல்லு தாயி."

"அங்கனயே நில்லுங்கப்பா."

ஏன் என்று அவர் கேட்கவில்லை.

"காலு எப்படி இருக்கு?" என்றார்.