நாலு நல்ல வார்த்தை

"சார், நீங்க குடுத்த பழைய கம்பெனி நம்பருக்கு நாலு தடவை கூப்பிட்டுட்டேன். உபயோகத்துல இல்லைன்னே வருது."

"கம்பெனியே உபயோகத்துல இல்லைங்க. இழுத்து மூடி ஏழு மாசமாச்சு" என்றான் அவன்.

எதிர்முனையில் இருந்த எச்.ஆர். பெண் சிரிக்கவில்லை.

"அப்படின்னா உங்களுக்கு மேல இருந்த யாராவது உங்களைப் பத்திச் சொல்லணும் சார். வெள்ளிக்கிழமைக்குள்ள. இல்லேன்னா ஃபைலை மூடிடுவாங்க."

இரண்டு நேர்முகம் முடிந்து, சம்பளம் பேசி, ஒன்றாம் தேதி சேரலாம் என்றும் சொன்ன பிறகு இது. வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்! பதினோரு வருஷம் ஒரு கிடங்கில் சரக்கு இறக்கி, ஏற்றி, பூட்டிச் சாவி கொடுத்தவன் யோக்கியன்தான் என்று சொல்ல இப்போது ஓர் ஆள் வேண்டுமாம். செத்துப்போன கம்பெனிக்கு எவன் வந்து சாட்சி சொல்வான்?

கீழேயிருந்து மனைவியின் அண்ணன் குரல் கொடுத்தார். "மாப்ளே, மோட்டாரைக் கொஞ்சம் போட்டு விடுங்க. நீங்க சும்மாதானே இருக்கீங்க!"

ஏழு மாதமாக அவனும் மனைவியும் மகளும் மச்சான் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறார்கள். வாடகை கிடையாது. அதற்குப் பதில் இந்தச் 'சும்மாதானே'யைத் தினம் நாலு தடவை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"உங்க மேனேஜரைப் போய்ப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"அவர் பெரிய ஆளு. என்னை ஞாபகம் வச்சிருப்பாரான்னே தெரியல."

"கேட்டாத்தானே தெரியும்? வெட்கப்பட்டுக்கிட்டே இருந்தா, நம்ம பொண்ணு இந்த மாடியிலயே வளர்ந்து பெரியவளாயிடுவா."

மறுநாள் மதியம் போனான். மூன்று மணிக்கும் இஸ்திரி கலையாத சட்டையில் மேனேஜரே கதவைத் திறந்தார்.

"அட, வாய்யா! என்ன, இளைச்சுட்ட?"

"உங்க வேலையைக் கெடுத்துட்டேனா சார்?"

"சேச்சே! நான் இப்ப யார்கிட்டயும் கைகட்டி நிக்கறதில்ல. ஆலோசனை சொல்றதோட சரி. நாலு பேர் வா வான்னுதான் கூப்பிடறான். நான்தான் பிடி குடுக்கல."

அவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். மேனேஜர் ஒன்று விடாமல் விசாரித்தார். எந்தக் கம்பெனி, என்ன பதவி, எத்தனை கிடங்கு, சம்பளம் எவ்வளவு, நேர்முகத்தில் என்ன கேட்டார்கள், எல்லாம். சொந்த அண்ணன்கூட இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"இதுக்குப் போயா இவ்வளவு தயங்கின? அந்தப் பொண்ணைக் கூப்பிடு. உன் முன்னாலயே பேசறேன்."

அவன் தன் போனிலேயே கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தான்.

"அவனா? எள்ளுன்னா எண்ணெயா நிப்பாம்மா! பதினோரு வருஷத்துல ஒரு அட்டைப்பெட்டி காணாமப் போனதில்ல. லீவுன்னு வாயைத் திறந்ததில்ல. அவனுக்குத் தொழில் கத்துக் குடுத்ததே நான்தானே! அந்தக் கிடங்கையே என் கையாலதான் ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன்…"

இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் ஒரு தடவைகூட 'பரவாயில்லை' என்று சொன்னதில்லை. மனசுக்குள் இவ்வளவு வைத்திருந்திருக்கிறார், பாவம். தெரியாமல் எத்தனை நாள் அவரைத் திட்டியிருக்கிறோம்!

வீட்டுக்குள் சிக்னல் சரியில்லை என்று சைகை காட்டிவிட்டு, மேனேஜர் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். சிரித்தார். இருபது நிமிடம் ஆயிற்று.

"முடிஞ்சுது. நிம்மதியாப் போ" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அவன் அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"எனக்காக இருபது நிமிஷம் வெயில்ல நின்னு பேசினார்டி. யார் செய்வா?" என்று மனைவியிடம் மாய்ந்து மாய்ந்து சொன்னான். அதோடு விட்டானா? மச்சானிடமும் போய், "அடுத்த மாசம் நாங்க தனியாப் போறோம். வீடு பார்த்துட்டேன்" என்று அறிவித்துவிட்டான்.

"வேலை கைக்கு வரட்டும் மாப்ளே" என்றார் மச்சான்.

திங்கட்கிழமை காலை எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. மச்சானும் காது குளிரக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், அந்த வேலைக்கு உங்களைவிட அனுபவசாலியா ஒருத்தரை எடுத்துட்டாங்க. மன்னிச்சுக்குங்க."

மனைவி பரிமாறுவதை நிறுத்திவிட்டாள்.

"மேனேஜர் என்னைப் பத்தி ஏதாவது தப்பாச் சொல்லிட்டாரா?"

"ஐயோ, இல்ல சார். அவ்வளவு உயர்வாச் சொன்னார்."

"அப்புறம் என்னம்மா?"

"நான் கூப்பிட்டது வேற விஷயமா சார். வர்ற ஒண்ணாம் தேதி அந்த வேலையில சேரப்போறது உங்க மேனேஜர்தான். அவருக்குக் கீழ வேலை பார்த்த ஒருத்தரையும் விசாரிக்கணும்னு எங்க ரூல். அவர் உங்க பேரைத்தான் குடுத்திருக்கார். ரெண்டே நிமிஷம், சொல்லுங்க சார்… அவர் நம்பிக்கையான ஆளா?"