பந்திக்கு முந்தின நாள்

"இராக்கம்மா, உங்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்கேன்" என்றார் கங்காணி மாசிலாமணி, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் அந்தத் தலைப்பாகை துரைக்கு முன்னால் மட்டும்தான் இறங்கும். கூலிகளின் லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் அது இறங்கியதை இராக்கம்மாவால் நம்ப முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதுளையிலிருந்து பாதிரியார் குதிரையில் வந்து நற்கருணை கொடுக்கும் நாள். யாரோடு மனத்தாங்கல் இருந்தாலும் முந்தின நாளே போய் ஒப்புரவாகிவிட வேண்டும், பிறகுதான் கர்த்தருடைய பந்தி என்று வேதத்தைக் காட்டி உபதேசியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இராக்கம்மா இரண்டு பந்திகளுக்குப் போகவில்லை. ஏழு மாதத்துக்கு முன் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் கந்தப்பனை, இதே கங்காணிதான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலிருந்து மழையோடு மழையாகத் தண்ணீர் வடியும் கான் வெட்ட விரட்டினார். மத்தியானம் அந்தக் கானுக்குள்ளேயே விழுந்து செத்துப்போனான். விரட்டிய மனிதரை மன்னிக்காமல் அப்பத்தைத் தொட முடியாது. மன்னிக்கலாமென்றால் வயிறு எரிந்தது. அவரோ இரண்டு தடவையும் முதல் ஆளாகப் போய் முழங்காலிட்டார்.

பந்தி இல்லாமலே செத்துப்போனால் கந்தப்பன் இருக்கிற இடத்தில் தன்னைச் சேர்ப்பார்களா என்ற பயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

"இத்தன நாளு இல்லாம இன்னைக்கு என்னங்க?" என்று கேட்டாள்.

"மனசு குத்துது, புள்ள. தோட்டத்து வேலதான் பெருசுன்னு நெனச்சிட்டேன். உன்னையப் பத்தி நெனைக்கல."

"ரெண்டு பச்சப் புள்ளைகள வச்சிருக்கேன்."

"அதுகளத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஒரு வார்த்த சொல்லிடு. நாளைக்கு நான் பந்திக்குப் போவணும்."

ஏழு மாதமாக அவருக்கென்று சேர்த்து வைத்திருந்த சாபமெல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. இராக்கம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். பெரிய மனிதர், வாசல் தேடி வந்து கேட்கிறார். இதற்குமேல் என்ன வேண்டும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு உபதேசியார் சொல்றாரு. எனக்கு ஒரு தரத்துக்கே உசுரு போவுதுங்க" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இருந்தாலும் மன்னிச்சிட்டேன். கர்த்தர் சாட்சியா மன்னிச்சிட்டேன்."

சொன்ன பிறகு நெஞ்சு லேசாகிவிட்டது. நாளைக்குத் தானும் போய் முழங்காலிடலாம் என்று நினைத்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது.

கங்காணி நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"உனக்கு நல்ல மனசு. அப்ப திங்கக்கெழம காம்பராவக் காலி பண்ணிடு. ஊர்லருந்து புது ஆளுக வருது. ஆம்பள இல்லாத காம்பரா இதுதான்னு நான்தான் தொரகிட்ட சொன்னேன். அதான் மனசு கேக்காம ஓடி வந்தேன்."

இராக்கம்மா கதவை விட்டு வாசலுக்கு இறங்கினாள்.

"அப்ப... எம் புருசனுக்கு?"

"கந்தப்பனா?" கங்காணி நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தார். "காச்சல்ல செத்தவனுக்கு நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"