பாதி ஜெபம்

இடுக்கியின் நுனியில் சகாயராணியின் கருக்குழாயைப் பிடித்தபடி நின்றார் சிஸ்டர் டாக்டர் கிறிஸ்தினா. நான்காவது சிசேரியன். குழந்தை நன்றாகவே அழுதது. கர்ப்பப்பைதான் வெங்காயச் சருகாய் மெலிந்திருந்தது. இன்னொரு முறை உண்டானால் கிழியும். தாய் பிழைக்க மாட்டாள்.

"முடிச்சுப் போட்டு வெட்டி விட்ருங்க சிஸ்டர்" என்றார் மயக்க மருந்து டாக்டர் பரமகுரு.

"கடவுள் இயற்கையா வெச்ச வழியை நாம அடைக்கக் கூடாது டாக்டர். மிஷன் ஆஸ்பத்திரிச் சட்டம். கன்னியாஸ்திரியா நான் கொடுத்த வார்த்தைப்பாடும் அதான்."

"முன்னாடி மூணு தடவை கிழிச்சுத் தைச்சோமே, அது எந்த இயற்கையில சேர்த்தி?"

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துக் கிடந்த சகாயராணி, திரைக்கு அந்தப் பக்கமிருந்து பேசினாள். "போன தடவை நாள் பார்த்து ஒதுங்கி இருக்கச் சொன்னீங்க சிஸ்டர். நான் பார்த்தேன். குடிச்சிட்டு வர்ற மனுசனுக்கு நாளேது, கிழமையேது?"

நர்ஸ்கள் சிரித்துவிட்டு, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

சிஸ்டர் குழாயை விடவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் கத்தி வைப்பதற்கு முன்னால்தான் ஜெபம். நடுவில் சொல்லும் வழக்கமில்லை.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லுவோம்" என்றார்.

எல்லோரும் மூடிக்கொண்டார்கள். சிஸ்டரின் கண்கள் மட்டும் திறந்திருந்தன. வலது கை கத்தரித் தட்டுக்கு மேலே போய் நின்றது. பரமகுருவுக்கு அந்த ஜெபம் பாதிதான் தெரியும். தெரிந்த பாதியை, உலோகச் சத்தம் எதுவும் காதில் விழாத அளவுக்கு, திரும்பத் திரும்ப உரக்கச் சொன்னார்.