பாதிப் படியில் மூன்று தோழிகள்

சீனாவின் சோங்சிங் நகரத்தில், செங்குத்தான படிக்கட்டில் பாதி ஏறியதும் ஷுயுன் உட்கார்ந்துவிடுகிறாள். மாலை வெயில் ஆற்று மூடுபனியில் மஞ்சளாகக் கசிகிறது. பக்கத்துக் கடையில் மிளகாய் எண்ணெய் காய்கிற நெடி. போன மாதம் விவாகரத்தான அவளைத் தேற்றத்தான் தோழிகள் லிஹுவாவும் ஜிங்யியும் காலையிலிருந்து கோயில், பாலம் என்று ஊரெல்லாம் இழுத்துக்கொண்டு அலைகிறார்கள். எடுத்த புகைப்படத்துக்கெல்லாம் சிரித்துச் சிரித்து ஷுயுனுக்குக் கன்னம் வலிக்கிறது. “எந்திரிடி, மேல போனா ரெண்டு ஆறும் சேர்றது தெரியும்,” என்று லிஹுவா கைப்பேசியைத் தூக்குகிறாள். “இதுக்கு மேல என்னால சிரிக்க முடியாதுடி,” என்கிறாள் ஷுயுன். ஜிங்யி தொப்பென்று பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வீங்கிய காலைத் தேய்க்கிறாள். “மத்தியானமே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? உனக்காகத்தானே பல்லக் கடிச்சிட்டு நடந்தேன்!” ஷுயுன் அவள் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுகிறாள். லிஹுவா ஒரு படி கீழே இறங்கி நின்று, ஏறி வருகிறவர்களைச் சுற்றிப் போகச் சொல்லிக் கை காட்டுகிறாள்.