நிண்ட சில்லு

"வெளிய போ! உனக்குக் கண் தெரியாட்டி என்ர மில் என்ன செய்யும்?"

சிற்றம்பலத்தார் போட்ட சத்தத்தில், மா அரைக்க வந்த சனம் பைகளோடு ஒதுங்கி நின்றது.

சுப்பம்மா அசையவில்லை. இடது கையில் துணிக்கட்டு. ரெண்டு விரல் நுனி இல்லை. போன கிழமை மிளகாய் மெசினின் சக்கரச் சில்லில் சாக்கு நூல் சிக்கிக் கிடக்குதென்று எடுக்கப் போனவள்.

"சில்லு நிண்டது முதலாளி. பாத்துத்தான் கை வைச்சனான்."

"கேட்டியளே! எல்லாருக்கும் ஓடுற சில்லு இவவுக்கு மட்டும் நிண்டதாம். பேய் பிடிச்சு வைச்சிருந்ததாக்கும்!"

சனம் சிரித்தது.

"பக்கத்து மெசினும் ஜெனரேற்றரும் போடுற இரைச்சலில எது ஓடுது, எது நிக்குதெண்டு காதுக்குத் தெரியாது. கண்ணைத்தான் நம்பினனான்."

"பொய்க்காரி! முள்ளியவளையில இருக்கிற எல்லா மில்லுக்கும் சொல்லிப்போட்டன். ஒருத்தரும் உன்னை எடுக்கமாட்டினம்."

"வேலை தராட்டிப் போங்கோ. பொய்க்காரி எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. இந்த வாயை நம்பித்தான் மூண்டு பிள்ளையளோட நாலு வாசலுக்கு வேலை கேட்டுப் போறனான்."

சுவிச் திருத்த வந்த நவ்பர், கையில் குறட்டோடு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றான். இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்தால் திரும்பி வந்து போன வருசம்தான் றேடியோ திருத்துற கடை போட்டவன்.

"அண்ணை, அந்த இருட்டு மூலையில மெசினுக்கு மேல தொங்குறது என்ன லைற்?"

"எல்.ஈ.டி. கொழும்பால எடுப்பிச்சது. சண்டை முடிஞ்சு பாதை திறந்த பிறகு முள்ளியவளைக்கு வந்த முதல் லைற் இதுதான். டீசல் மிச்சம் தெரியுமே!"

நவ்பர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அரை மணித்தியாலத்தில் கரியரில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"இதென்னடாப்பா, ரீவியோ?"

"ஒஸிலோஸ்கோப் அண்ணை. கரண்ட் எப்பிடிப் போகுதெண்டு கோடு கீறிக் காட்டும்."

லைற்றின் மூடியைக் கழற்றி, ரெண்டு வயரைக் கொழுவினான். பெட்டியில் பச்சைக் கோடு ஒன்று வந்தது. நேரே ஓடவில்லை. எழும்பி விழுந்தது, எழும்பி விழுந்தது. விழுந்த ஒவ்வொரு முறையும் அடியைத் தொட்டது.

"பாத்தியளே? ஒரு செக்கனுக்கு நூறு தரம் நூந்து நூந்து, அணைஞ்சு அணைஞ்சு பத்துது. எங்கட கண்ணுக்கு அது பிடிபடாது. குண்டு பல்ப் எண்டா உள்கம்பியின்ர சூட்டில வெளிச்சம் நிண்டு பிடிக்கும். இதில அது இல்லை."

"அதுக்கும் சில்லுக்கும் என்னடா?"

"சில்லுக்கு நாலு ஆரக்கால். லைற் ஒருக்கா நூந்து பத்திறதுக்குள்ள ஒரு கால் இருந்த இடத்துக்கு அடுத்த கால் வந்திடும். மெசினைப் போடுங்கோவன்."

போட்டார்கள். மோட்டர் அலறியது. சில்லு படத்தில் கீறி வைத்தது மாதிரி அப்படியே நின்றது. கிழவர் ஒருவர் நம்பாமல் ஒரு தடியை நீட்டினார். படாரென்று முறிந்து, துண்டு கூரைத் தகரத்தில் போய் அடித்தது.

இப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை.

சிற்றம்பலத்தாரின் முகம் கறுத்தது. மெசினை நிற்பாட்டி, லைற்றை வயரோடு இழுத்துப் பிடுங்கினார்.

"கொழும்புக்காரன் எங்கட உயிரோட விளையாடுறான்! அவனை நான் சும்மா விடமாட்டன்!" சுப்பம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "குறை நினையாத பிள்ளை. எனக்கு இது எப்பிடித் தெரியும்? தெரிஞ்சிருந்தா உன்னை இதுக்குக் கீழ விட்டிருப்பனே? நாளைக்கே வேலைக்கு வா."

"பெரிய மனிசன் எண்டா இப்பிடி இருக்கவேணும்" என்றார் தடி நீட்டின கிழவர்.

சுப்பம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மில்லுக்குப் பின்னால்தான் சிற்றம்பலத்தாரின் வீடு. நவ்பருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த முதலாளியின் பெண்சாதி நேசமலர், புருசனின் கையில் லைற்றைக் கண்டதும் பதறிப்போனாள்.

"இஞ்சேருங்கோ, உந்த லைற்றைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்திடாதேங்கோ! இதின்ர வெளிச்சத்தில ஓடுற ஃபேன் நிக்குதெண்டு சின்னவள் கை வைக்கப் போனதாலதானே, 'இது மில்லில கிடக்கட்டும்' எண்டு நீங்களே கழட்டிக்கொண்டு போனனீங்கள்?"