பின்குரல்

டிரம்மர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தான். பாடகி அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மைக் முன் நின்றாள். நடுவில், பேஸ் கிதாரைத் தோளில் மாட்டியபடி நான் தபால்காரி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாவது சரணத்துல ஓடுறா. கொஞ்சம் நின்னு வரச் சொல்லு" என்றான் அவன், என் ஹெட்போனில்.

நான் அவளிடம் போய், குரல் பிரமாதமாம், சரணத்தை மட்டும் நிதானமாக எடுக்கலாமாம் என்றேன். அவள் பதிலுக்குச் சொன்னதை அவனிடம் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் குழு அங்கேயே கலைந்திருக்கும்.

இருவரும் பிரிந்ததிலிருந்து இதே பிழைப்புதான்.

ஆல்பத்துக்கு இந்த ஒரு பாட்டுதான் பாக்கி. சாயங்காலத்துக்குள் ஸ்டூடியோவைக் காலி செய்ய வேண்டும். முடியாவிட்டால் நாங்கள் நால்வரும் ஆளுக்கொரு திசை.

அதுவும் எந்தப் பாட்டு? இருவரும் ஒட்டிக்கொண்டு திரிந்த காலத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது. காதல் வந்தபோது எழுதியதைக் காதல் போனபிறகு பாடச் சொன்னால் யாருக்குத்தான் வாய் வரும்.

பாட்டைத் தொடங்க டிரம்மர் குச்சிகளைத் தட்டுவான். மூன்று தட்டுதான் அவனுடையது. நாலாவதை அவளுக்காக விட்டுவிடுவான். அந்த இடத்தில் அவள் காலால் தரையில் தட்டுவாள். மேடையில் அதைப் பார்த்து நாங்கள் கிண்டலடிக்காத நாளில்லை.

இன்று நாலையும் அவனே தட்டினான். பாட்டு உயிரில்லாமல் வந்தது. மறுபடி தட்டினான், மறுபடியும் அப்படியே வந்தது.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒலிப்பதிவு செய்பவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன். கிதார்காரன் சுவரைப் பார்த்துச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறப்பதே அபூர்வம். அதனால் அவனுக்கு ஊமை என்று பெயர்.

நான் கண்ணாடி அறைக்குள் போய், அந்த நாலாவது தட்டை அவளுக்கு விட்டுக்கொடு என்று டிரம்மரிடம் கெஞ்சினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. எங்கள் விஷயத்துக்கு நீ ஏன் இப்படி அல்லாடுகிறாய் என்று கேட்டான். பாட்டுக்காக என்றேன்.

அடுத்த முறை அவன் மூன்றோடு நிறுத்தினான்.

நான் அவள் காலையே பார்த்தேன்.

அவள் காலால் தரையில் தட்டினாள்.

அதன் பிறகு நடந்ததை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. அந்தப் பாட்டை நாங்கள் அதற்கு முன் அப்படி வாசித்ததே இல்லை.

பாடி முடித்ததும் அவள் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனும் அழுதான். போங்கள், இருவரில் யாராவது ஒருவர் மற்றவரிடம் போங்கள் என்று மனதுக்குள் மன்றாடினேன். ஒருவரும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். அவன் குச்சிகளை உறையில் போட்டான். பாட்டு முடிந்துவிட்டது. அவர்கள் கதையும் முடிந்துவிட்டது.

அண்ணன் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார், அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். இருவரையும் ஆளுக்கொரு வாசல் வழியாக அனுப்பிவைத்தார்.

பல்லவிக்குப் பின்குரல் பாட ஊமையும் நானும்தான் மிச்சம்.

"உங்க ரெண்டு பேருக்கும்தான் ஒரு பிரச்சனையும் இல்லையே. ஒரே மைக்ல நின்னு முடிச்சிடுங்க, நேரமாச்சு" என்றார் அண்ணன்.

நின்றோம். இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னார். நெருங்கினோம். அவன் தோள் என் தோளில் பட்டது. முதல் முறையிலேயே சரியாக வந்துவிட்டது. இரண்டு குரல்களும் எவ்வளவு அழகாகச் சேர்கின்றன என்று அண்ணன் மெச்சினார்.

அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. குழுவில் இந்தச் சண்டை ஓயட்டும், நம்மைப் பற்றி அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஊமைதான் சொல்லியிருந்தான்.

இன்று காலை ஆம்ப்ளிஃபையரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இருவரும் படியேறினோம். பாதிப் படியில் அவன் வாயைத் திறந்தான். அவர்கள் கதியைப் பார்த்தாய் அல்லவா, நமக்கும் அதுதான் நடக்கும், இப்போதே நிறுத்திக்கொள்வோம் என்றான். அவர்களைச் சேர்த்துவைத்துக் காட்டினால் இவன் மனம் மாறுவான் என்று முட்டாள்தனமாக நம்பிவிட்டேன்.

கனமான பெட்டி. என் பக்கத்தை நான் விட்டால் அவன் மேல் விழும். மேலே வரை தூக்கிக்கொண்டு வந்தேன்.