பூனையின் தள்ளாட்டம்

அவள் மேசையில் இறக்கிவிட்டதும் பூனை இரண்டடி நடந்து, ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

"ஒரு மாசமா இப்படித்தான் டாக்டர். காதுல ஏதாவது சீழா?"

"காது சுத்தமா இருக்கு. காது சொல்றதைக் கேட்டு உடம்பை நேரா நிறுத்துறது மூளை. அதைத்தான் ஏதோ மந்தமாக்குது," என்ற கால்நடை மருத்துவர், நேற்று எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவைப் புரட்டினார். "தூக்க மாத்திரை. வீட்ல யார் போடறாங்க?"

"யாருமே போடறதில்லையே."

"இது என்ன சாப்பிடுது?"

"மாமியார் மிச்சம் வைக்கிற பால்தான். அந்தத் தம்ளருக்காகவே காத்துக்கிட்டிருக்கும்."

"மாமியார் எப்படி இருக்காங்க?"

அவள் சலித்துக்கொண்டாள். "அவங்களும் தள்ளாடறாங்க. ரெண்டு தடவை விழுந்துட்டாங்க. வயசாயிடுச்சு இல்லையா? என்னால தாங்கிப் பிடிக்க முடியலை. அடுத்த வாரம் முதியோர் இல்லத்துல சேர்க்கப் போறோம்."

மருத்துவர் அவளையே கூர்ந்து பார்த்தார். "பாலைக் காய்ச்சிக் கொடுக்கறது நீங்கதானே?"

"நானா? என் வீட்டுக்காரர் என்னை அடுப்புப் பக்கமே விடமாட்டார். அம்மாவுக்குத் தன் கையாலதான்..."

சட்டென்று கைப்பேசியை எடுத்து மாமியாரின் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் எடுத்ததுமே, "அத்தை, இன்னிக்குப் பாலைக் குடிக்காதீங்க," என்றாள்.

"அம்மா அப்பவே குடிச்சுட்டுப் படுத்துட்டாங்களே," என்றது கணவனின் குரல். "ஏன், என்ன விஷயம்?"